அழுதவளுக்கும் விசுவாசம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில், உண்மையான விசுவாசம் உள்ள கிறிஸ்தவர் துன்பத்தில் கண்ணீர் விடுவதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அதைப் படித்த அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் கரையில் எத்தனை வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, நமக்கு விசுவாசம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்! அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பகுதியைச் சேர்ந்தவள். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். 2017 நவம்பரில் என் மூத்த மகன் கொச்சி தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் தூண்டில் தொழிலுக்குப் போனான். படகு ஏறும் முன் போனில் கூப்பிட்டு, "அம்மா, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாச்சா?" என்று கேட்டான். பிள்ளைக்கு அப்போது ஆறு மாதம். நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தது. கரையில் ரப்பரும் வாழையும் சாய்ந்து, மின்சாரம் போய், எங்கள் வீடுகள் இருட்டில் கிடந்தன. எத்தனையோ நாள் முன்பே தூரக்கடலுக்குப் போய்விட்ட படகுகளுக்குப் புயல் செய்தி எட்டவே இல்லை. லட்சத்தீவில் கொஞ்சம் பேர் கரையேறினார்கள், மகாராஷ்டிராவில் கொஞ்சம் பேர், குஜராத்தில் கொஞ்சம் பேர் என்று செய்தி வரும். ஒவ்வொரு தடவையும் பெயர் கேட்க ஓடுவோம். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது நானும் உட்கார்ந்தேன். அவன் வரவில்லை. உடலும் வரவில்லை.

கடலில் காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்பதைத் தளர்த்தி எங்களுக்குச் சான்றிதழ் தந்தார்கள். அரசு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அவனை நானே சாகடித்தது மாதிரி ஆகும் என்று என் மருமகள் பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானத்தை நான் எழுதி முடிக்க முடியாது.

ஆறுதல் சொல்ல நிறையப் பேர் வந்தார்கள். "ஆண்டவர் சித்தம்" என்றார்கள். "நல்ல பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டார்" என்றார்கள். அடுத்த வீட்டு மாமி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கணவரும் பல வருடம் முன்பு வள்ளம் கவிழ்ந்து போனவர்தான். காலையில் வருவார், திண்ணையில் உட்கார்ந்து உள்ளி உரிப்பார், உலை வைப்பார், பிள்ளையைக் குளிப்பாட்டுவார், இருட்டியதும் போவார். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே வந்தார்.

எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த செபக் குழுவில், சாயங்காலம் ஒவ்வொரு வீடாகச் செபமாலை சொல்வோம். மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எங்கள் வீட்டில்தான் கூடினார்கள். விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே என்று தொடங்கி, "உமது திருவுளம் நிறைவேறுக" என்ற இடம் வரும்போது என் வாய் அடைத்துவிடும். அந்த ஒரு வரியை என்னால் சொல்ல முடியவில்லை. என் பிள்ளை கடலில் போனதா உமது திருவுளம்? அன்றாட உணவு கேட்கிற வரி வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பேன். பக்கத்தில் மாமி சத்தமாகச் சொல்வார், எனக்கும் சேர்த்துச் சொல்கிற மாதிரி. இப்படிப் பல மாதம் போயிற்று. இது பெரிய பாவம் என்று பயந்து பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் சத்தம் போடவில்லை. "வாய் வராத இடத்தில் நில்லுங்கம்மா, அந்த வரியை ஊர் உங்களுக்காகச் சொல்லட்டும்" என்றார். பிறகு பைபிளில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து துன்பப்பட்டவரின் கதையான யோபு புத்தகத்தை முழுவதும் வாசிக்கச் சொன்னார்.

42 அதிகாரம். வாசித்தபோதுதான் தெரிந்தது, பொறுமைக்குப் பெயர் போன யோபு தான் பிறந்த நாளையே சபித்தவர். கடவுளிடம் நேருக்கு நேர் வழக்குப் பேசியவர். அவருடைய நண்பர்கள் முதலில் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். எங்கள் மாமியைப் போல. அதன் பிறகு வாயைத் திறந்து, நீ என்ன தப்பு செய்தாயோ என்று போதிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் கடவுள் கோபித்தது அந்தப் போதனை செய்தவர்கள் மேல்தான். யோபு பேசியதே சரி என்றார். கடலுக்குக் கதவிட்டு அடைத்தது யார், இதுவரை வா, இதைத் தாண்டாதே என்று அதற்குச் சொன்னது யார் என்று கடவுள் யோபுவைக் கேட்கும் இடம் உண்டு. அதை வாசித்த இரவு நான் சத்தமாகவே கேட்டேன்: அன்றைக்கு ஏன் அந்தக் கதவை அடைக்கவில்லை? பதில் வரவில்லை. ஆனால் புயலுக்குப் பிறகு நான் அவரோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

எங்கள் மாவட்டத்துப் புனிதர் தேவசகாயம் பிள்ளையின் வாழ்க்கையும் இதே புத்தகத்தில்தான் திரும்பியது. 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதியான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், ஆடுமாடு செத்து மனம் ஒடிந்திருந்த நீலகண்ட பிள்ளைக்குச் (தேவசகாயத்தின் முந்தைய பெயர்) சொன்னது இந்த யோபுவின் கதையைத்தான். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் ரோமையில் அவரைப் புனிதராக அறிவித்ததை எங்கள் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். டிலனாய் அவரை அழாதே என்று அதட்டியிருந்தால் இந்தக் கதை எங்கே போயிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

தம் நண்பர் லாசருடைய கல்லறை முன்னால் இயேசுவே அழுதார். புயலில் சீடர்கள், சாகப்போகிறோமே, உமக்குக் கவலை இல்லையா என்று அவரை உலுக்கி எழுப்பினார்கள். அவர் படுத்திருந்தது படகின் அமரத்தில், அதாவது பின்பக்கத்தில். அமரத்தில் படுத்தால் அலை எப்படித் தூக்கிப்போடும் என்பது கடல்தொழில் செய்கிற குடும்பத்துக்குத் தெரியும். ஆகவே அவர் கரையில் இருந்துகொண்டு என் மகனை மறந்தவர் இல்லை, அதே படகில் இருந்தவர் என்று நம்புகிறேன். இந்த நம்பிக்கை என் அழுகையை நிறுத்தவில்லை. அழுதுகொண்டே எழுந்து அடுப்புப் பற்றவைக்க அதுதான் எனக்குப் பலம் கொடுத்தது.

அன்புகூர்ந்து, தங்கள் பக்கத்தில் எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கண்ணீரை அளவுகோலாக்கி யாருடைய விசுவாசத்தையும் அளக்க வேண்டாம். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் வசனம் தேட வேண்டாம். உள்ளி உரித்துக் கொடுத்தால் போதும்.

நேற்று முன்தினம் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைத் தோட்டத்தில் பூவும் மெழுகுவர்த்தியுமாக நின்றது. எங்களுக்குக் கல்லறை இல்லை. கடல் தன்னிடம் உள்ள இறந்தவர்களைத் திருப்பிக் கொடுக்கும் என்று பைபிளின் கடைசிப் புத்தகமான திருவெளிப்பாட்டில் எழுதியிருப்பதால் நாங்கள் கடற்கரைக்குத்தான் போவோம். காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. மாமி ஒரு சிரட்டை கொண்டுவந்திருந்தார். பேரன் அதற்குள் வைத்துக் கொளுத்தினான். எல்லோரும் செபம் சொன்னார்கள். நான் முழுதும் சொன்னேன். அந்த வரியில் குரல் உடைந்தது, ஆனாலும் சொன்னேன்.

இப்படிக்கு,
ஒரு தாய் (பெயர் வெளியிட வேண்டாம்),
தூத்தூர் பகுதி, கன்னியாகுமரி மாவட்டம்.