வலிக்கு மூளைப் படத்தைச் சாட்சி கேட்காதீர்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் மாவட்டங்களில் தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையர்களுக்கும், இயலாமைச் சான்று தரும் மருத்துவர்களுக்கும் வணக்கமுங்க.

பவர் பிரஸ்ஸில் விரலை இழந்தவர், இல்லாத அந்த விரல் விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க என்பார். விசைத்தறியில் காலமெல்லாம் நின்றவர் இடுப்புக் கடுப்பு என்பார். மெய்தானா என்று அறிய, மூளை இயங்குவதைப் படமாக்கும் எஃப்எம்ஆர்ஐ எடுத்து வரச் சொல்லலாமே என்று தோன்றினால், தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். மூளைப் படம் எடுப்பதே எங்கள் தொழில்; அதனால்தான் சொல்கிறோம்.

படத்தில் சிவப்பாகத் தெரிவது வலியல்ல. இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைக் கணக்கிட்டு நாங்கள் ஏற்றும் நிறம் அது. 1990இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா காட்டிய வழி. அந்த மாற்றம் ஓரிரு சதவீதம்தான். உச்சத்துக்கு வரவே ஐந்தாறு வினாடி ஆகும். ஆகவே ஆய்வில் முன்கையில் சூட்டுத் தகட்டை வைத்து, 46, 47 டிகிரிக்கு ஏற்றி, பத்து வினாடி போல நிறுத்தி, இறக்கி, மறுபடி ஏற்றி, பல தடவைக்குச் சராசரி எடுப்போம். சூடு இருந்தபோதும் இல்லாதபோதும் உள்ள வித்தியாசமே படம். பத்து வருடக் கடுப்பை அப்படி நினைத்தபோது நிறுத்தி, மறுபடி வரவழைக்க முடியாது. எதோடு ஒப்பிடுவது? போதாததற்கு, தலை சில மில்லிமீட்டர் அசைந்தாலே பொய்ப் புள்ளிகள் முளைக்கும். வலியுள்ளவர் மூச்சைப் பிடித்தாலும் அளவு புரளும்.

2013இல் அமெரிக்க மூளை ஆய்வாளர் டோர் வேகரின் குழு 114 பேரிடம் சூட்டு வலியையும் வெறும் வெதுவெதுப்பையும் 90 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரித்தது உண்மை. ஆனால் அவர்கள் நலமானவர்கள். வலியும் சில வினாடிதான். பிறவியிலேயே வலி உணராத இருவரைக் குத்திப் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. மற்றவர்களுக்கு மூளையில் ஒளிரும் அதே இடங்கள் அவர்களுக்கும் ஒளிர்ந்தன. வலியே இல்லாமல் சிவப்பு! 2017இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கத்தின் நிபுணர் குழுவும், வலியில் பொய் பிடிக்கும் கருவியாக இதைக் கொள்ளக்கூடாது என்றது.

எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, எத்தனை கிலோ தூக்குகிறார், இரவில் எத்தனை முறை விழிக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். ஒரே நாளில் முடிக்காமல் சில வாரம் கழித்தும் கேளுங்கள். நரம்பு நசுங்கியதாகச் சந்தேகம் இருந்தால் முதுகெலும்பு எம்ஆர்ஐ எடுக்கலாம், அது வேறு சங்கதி.

அதற்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. கிரைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தவரிடம் கண்ணில் இரும்புத்தூள் பட்டதுண்டா என்று முதலில் கேளுங்கள். பட்டிருந்தால் கண்குழி எக்ஸ்ரே பார்த்த பிறகே எம்ஆர்ஐ கருவிக்குள் அனுப்ப வேண்டும். கண்ணுக்குள் தங்கிய துணுக்கைக் கருவியின் காந்தம் அசைத்தால் பார்வையே போய்விடும்.