தொம்தொம்மென்று குதிப்பதற்கு முன்

ஆசிரியருக்கு,

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சென்னையின் பூங்கா நடைபாதைகளில் தண்ணீர் நிற்கும். நடப்பவர்கள் பலர் யூடியூப் உடற்பயிற்சி வீடியோக்களுக்கு மாறுவார்கள். மாறட்டும். ஆனால் அவற்றில் பல, மரத்தளமோ ரப்பர் விரிப்போ போட்ட கூடத்தில், ஷூ அணிந்து செய்பவை. நம் வீட்டிலோ டைல்ஸ் தரை, வெறுங்கால், சொட்டிய வியர்வை வேறு. கை கால்களை விரித்தும் சேர்த்தும் ஜம்பிங் ஜாக் குதித்தால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள முட்டியையும் குதிகாலையும் விட்டால் வேறெதுவும் இல்லை. (கீழ் வீட்டுக்காரர் படியேறி வருவது தனிக்கதை.) குதிக்காமல், ஒவ்வொரு காலாகப் பக்கவாட்டில் வைத்து எடுத்தாலே போதும். கையை உயர்த்துமுன் ஃபேனைப் பார்த்துக்கொள்ளவும்.

6 மி.மீ. யோகா மேட் போதுமானது. அதைவிடத் தடித்தது முட்டி போடச் சுகம்; ஒற்றைக்காலில் நின்றால் கணுக்கால் ஆடும்.

அதிகம் பிசகுவது, நின்ற இடத்திலேயே பாதி உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில்தான். நேர் எதிரே இருந்து படம்பிடிப்பதால், இடுப்பு பின்னால் போவது திரையில் தெரிவதில்லை. பார்ப்பவர்கள் முட்டியை மட்டும் மடக்கி இறங்குகிறார்கள்; குதிகால் எழும்பி, பாரம் முட்டிச் சிப்பியில் ஏறுகிறது. முதல் இரண்டு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே அது ஸ்குவாட். இருக்கை ஏறத்தாழ 45 செ.மீ. உயரம் இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும் என்பதால் சுவரோடு ஒட்டிப் போடவும். பாதங்கள் தோள் அகலத்தில். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி மூன்று எண்ணி இறங்கி, இருக்கை பட்டதும் எழவும். முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. 10 தடவை, ஒரு நிமிட ஓய்வு, மூன்று சுற்று. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும்; அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும்.

கைப்பேசியைத் தரையில் சாய்த்துவைத்துக் குனிந்து பார்ப்பதும், முழங்கையை ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்தும் பிளாங்க் செய்தபடி தலையைத் தூக்கிப் பார்ப்பதும் கழுத்தைப் பிடிக்கும். நின்று செய்பவற்றுக்குக் கண் மட்டத்தில் வைக்கவும். படுத்துச் செய்பவற்றுக்குக் காது போதும். அதற்காகவே வீடியோவை முதலில் ஒருமுறை சும்மா பார்த்துவிட வேண்டும். வேகத்தை 0.75-க்குக் குறைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

‘டபாட்டா’ என்ற பெயரில் 20 விநாடி பயிற்சி, 10 விநாடி ஓய்வு என்று விரட்டுகிறார்கள். ஜப்பானின் இசுமி டபாட்டா குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வு, உடற்பயிற்சிப் பழக்கமுள்ள இளைஞர்களை நிலைச் சைக்கிள் மிதிக்கவைத்துச் செய்தது. ஐம்பது வயதில் டைல்ஸ்மேல் பர்பீ (குந்தி, காலைப் பின்னால் நீட்டி, எழுந்து குதிப்பது) போட அது சான்று ஆகாது.

‘30 நிமிடத்தில் 500 கலோரி’ என்பதையும் நம்ப வேண்டாம். 65 கிலோ எடையுள்ளவர் அரைமணியில் அவ்வளவு எரிக்க, மணிக்குச் சுமார் 16 கி.மீ. வேகத்தில் விடாமல் ஓட வேண்டும். மிதமான பயிற்சியில் அதே நேரத்துக்கு 150 தேறலாம். உலக சுகாதார நிறுவனம் கேட்பதும், வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சியும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும்தான். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதம்.

தமிழில் வீடியோ போடுவோருக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு பயிற்சியையும் பக்கவாட்டிலிருந்தும் காட்டுங்கள், நாற்காலி வைத்துச் செய்யும் வடிவத்தையும் சேருங்கள். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தச் சொல்லும் வரியை, ‘சப்ஸ்கிரைப் பண்ணுங்க’ என்பதற்கு முன்னால் சொல்லுங்கள்.

– இயன்முறை மருத்துவர், பெரம்பூர், சென்னை