மழைக்கு முன்: ஜீ.எஸ். (கிராம சேவகர்) மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

உன்னை ஹல்துமுல்லைப் பக்கம் போட்டிருக்கிறார்கள் என்றதும், மலை சரிந்து சனம் புதைந்த மீரியபெத்தத் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. ஐப்பசி மழை பிடிக்குமுன் இதை வாசித்துவிடு.

மலை சரிந்தால் முதல் இரண்டொரு மணித்தியாலத்துக்கு வெளியாள் யாரும் வந்து சேர மாட்டார்கள். லயத்துச் சனமும் (தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள்) நீயும்தான். எல்லாரும் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், உனக்கும் கை துறுதுறுக்கும். நீ ஓடாதே. பொறுப்பு யார் கையில் என்பது எல்லாருக்கும் தெரியவேண்டும், அந்த ஆள் ஒரே இடத்தில் நிற்கவேண்டும். சரிவுக்கு விலகியிருந்தால், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவம் நல்ல இடம். பொறுப்பாளரும் மண் தோண்டப் போய்விட்டால், வருகிறவன் போகிறவன் எல்லாம் கட்டளை போடுவான்.

1970இல் கலிபோர்னியாவில் காட்டுத்தீ பெரிய நாசம் பண்ணியது. ஆளும் வண்டியும் இருந்தும், யார் சொல்லை யார் கேட்பது என்பதில்தான் குழம்பிப்போனார்கள். அதற்குப் பிறகு அங்கே உருவான முறையில் ஒரு கணக்கு உண்டு: ஒருவர் நேரடியாக மேய்க்கக்கூடியது மூன்று முதல் ஏழு பேரை, ஐந்து என்றால் நல்லது. உனக்கும் ஐந்து போதும். தலைக்கணக்குக்கு ஒருவர், சரிந்த இடத்து எல்லைக்கு ஒருவர், சனம் தங்கும் இடத்துக்கு ஒருவர், பாதைக்கும் வாகனத்துக்கும் ஒருவர், போனுக்கும் குறிப்பேட்டுக்கும் ஒருவர். அவரவர் இல்லாத நாளில் யார் என்பதையும் இப்போதே எழுதி வை. தோட்டத் தலைவர், வெல்ஃபெயார் ஒபிசர், கணக்கப்பிள்ளை, மாதர் சங்கத்துப் பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசு. கட்சி பார்க்காதே.

இந்த ஐந்திலும் தலைக்கணக்கில்தான் அதிகம் பிழை வரும். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் சரிந்தபோது, காணாமற்போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்று முதலில் சொன்னார்கள். பிறகு அது நாற்பதுக்கும் கீழே இறங்கியது. பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்துக்கும் பெரியவர்கள் பலர் வேலைக்கும் போயிருந்தார்கள். கணக்குப் பிழைத்தால் ஆளில்லாத இடத்தைத் தோண்டுவார்கள், ஆளிருக்கிற இடத்துக்கு நேரம் போதாது.

வாக்காளர் பட்டியலை நம்பாதே. அதில் பிள்ளைகள் இல்லை, கொழும்பில் கடையில் நிற்கிற பொடியன்மார் இருப்பார்கள். ஒரு சி.ஆர். கொப்பியில் லயம் லயமாக, காம்பரா காம்பராவாக (அறை அறையாக) எழுது: யார் இருக்கிறார்கள், யார் வெளியூர், யார் படுக்கையில், யாருக்கு நித்தம் மருந்து வேண்டும், யார் கர்ப்பிணி. பிரதி ஒன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு உன் ஒபிசுக்கு வெளியே வை. இரவில் சரிந்தால் அந்தக் கொப்பி மட்டும் போதும். பகல் என்றால் தோட்டத்துச் செக்ரோல் (வேலை வரவுப் பதிவு), பிள்ளைக் காம்பராப் (பிள்ளை பராமரிப்பு நிலையம்) பதிவு, பள்ளிக்கூட வரவு மூன்றையும் அதோடு ஒப்பிடவேண்டும். கண்ணால் கண்ட ஆளுக்குச் சரி போடு. "இப்பதான் ரோட்டில பார்த்தேன்" என்று பிறர் சொன்ன ஆளுக்கு வட்டம் மட்டும். வட்டத்தைச் சரி அடையாளமாக மாற்றுவது அந்த ஆள் உன் முன்னால் வந்து நின்ற பிறகுதான். அக்கம்பக்கத்தார் நல்ல மனதோடுதான் சொல்வார்கள், ஆனால் நேற்றுப் பார்த்ததை இன்று பார்த்ததாகச் சொல்வார்கள்.

மண்ணுக்குள் இறங்குகிறவர்களையும் பெயர் எழுதித்தான் விடு, வெளியே வரும்போது பெயரை வெட்டு. மேலே பார்த்தபடி ஒருவர் விசிலோடு நிற்கட்டும். சர்வதேச மீட்புக் குழுக்களின் சைகையையே பழக்கு: மூன்று குறுகிய ஊதல் என்றால் எல்லாரும் வெளியே, ஒரு நீண்ட ஊதல் என்றால் வேலையை நிறுத்தி அமைதி, நீண்டதும் குறுகியதும் என்றால் மீண்டும் தொடங்கு. ஓடுவது பக்கவாட்டில். பள்ளத்தை நோக்கி ஓடினால் மண்ணும் அந்த வழியாகத்தான் வரும்.

இராணுவமோ பொலிசோ வந்ததும் பொறுப்பை முகத்துக்கு முகம் கொடு. என்ன நடந்தது, எத்தனை பேர், எங்கே தேடியாயிற்று, எது ஆபத்து என்று வரைபடத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு, "இனி இவர்தான்" என்று சனத்தின் காதில் விழும்படி சொல். சிங்களம் சரளமாகப் பேசுகிற ஒருவர் அதிகாரியின் பக்கத்திலேயே நிற்கவேண்டும். ஏச்சுப் பேச்சில் பாதி அங்கேதான் தொடங்கும்.

இதெல்லாம் சரிந்த பிறகு. அதற்கு முன்னால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மழை அளவுகள் மூன்றையும் மனப்பாடம் பண்ணு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் கவனம், 100 என்றால் மூட்டை கட்டு, 150 அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால் வெளியேறு. மழைமானியைக் கூரைத் தண்ணீரும் மரத்து நீரும் விழாத வெளியில் வை. 100 தாண்டியும் மழை விடாவிட்டால் பொழுது சாயுமுன் சனத்தை இறக்கு, இருட்டில் கிழவிகளையும் கைப்பிள்ளைகளையும் படிக்கட்டில் இறக்க முடியாது. புதிய வெடிப்பு, திடீரெனக் கலங்கிய ஊற்று, இறுகிப்போன கதவு கண்டால் மில்லிமீட்டருக்குக் காத்திருக்காதே. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990.

தங்கும் பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம் என்று இந்தக் கிழமையே கேள். அதிபர் லீவில் ஊருக்குப் போகிறவர் என்றால் இரண்டாவது சாவி ஒன்று தோட்டத்துக்குள்ளேயே இருக்கவேண்டும்.

அன்புடன்,
அம்மா