பழைய மணி, புது மணி

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். போனில் பசியாறினாயா என்று கேட்டால் "ஆச்சும்மா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாய். நேற்று வீடியோவில் உன் கன்னத்தைப் பார்த்தேன், ஒட்டிப் போயிருக்கிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொன்னதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், மட்ரிட் போய் மூன்று வாரமாகியும் நம்ம ஊர் மணிக்குத்தான் சாப்பிடுகிறாய். பகல் பன்னிரண்டுக்குப் பசித்துக் கடைக்குப் போனால் அங்கே இன்னும் கோப்பியும் ரொட்டியும்தான் ஓடுகிறது. பிஸ்கட்டைத் தின்று சமாளிக்கிறாய். இரண்டரைக்கு உன்னோடு வேலை செய்கிறவர்கள் சாப்பிடக் கூப்பிடும்போது வயிறு வேண்டாம் என்கிறது. ஏழு மணிக்கு மறுபடி பசி. கடைகளில் அடுப்பு மூட்டவே எட்டு, எட்டரை ஆகிறது. அறைக்குப் போய் மெகி மீ அவித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறாய். ஒன்பதரைக்கு அவர்கள் ஒன்றாக உட்காரும்போது நீ தூக்கத்தில் இருக்கிறாய். அது சாப்பாடு இல்லாத ஊர் இல்லை பாப்பா. மணிதான் உனக்குச் சேரவில்லை.

உன் அண்ணன் ஒன்று படித்துச் சொன்னான். ஸ்பெயினில் 1940-இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்களாம். அப்புறம் திருப்பவே இல்லையாம். அதனால் இந்த மாதம் அங்கே உச்சி வெயிலே ஒன்றே காலுக்கு மேல்தான். நம்ம ஊரிலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். அவர்கள் வெயில் உச்சியைத் தாண்டி இறங்கும்போது சாப்பிடுகிறார்கள்; நாம் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆனதும் தட்டை எடுக்கிறோம். இவ்வளவுதான் வித்தியாசம்.

அதைக் கேட்டதும் எனக்கு 1982 ஞாபகம் வந்துவிட்டது. அந்த வருஷம் ஜனவரி முதல் தேதி இங்கேயும் அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம்ம சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே மணி ஆக வேண்டும் என்று. முதல் நாள் இரவு பதினொன்றரை அப்படியே பன்னிரண்டு ஆனது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் பெரட்டு, அதுதான் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுவது, அது மட்டும் கடிகாரத்தில் அதே மணிக்குத்தான். அரை மணி நேரம் கூடுதல் இருட்டு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பாலுக்காக மரத்தைச் சீவினோம். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். மரத்துக்கு வெயில்தான் கணக்கு. வயிறும் அப்படித்தான் இருந்தது. ஒன்பது மணிக்குப் பசியாற விடுவார்கள். மரத்தடியில் உட்கார்ந்து, விரலில் ஒட்டிக் காய்ந்த பாலை நூல் நூலாக உரித்துப் போட்டுவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறப்பேன். பழைய சோறும் நெத்திலிச் சம்பலும். ஆசையாகக் கட்டிக்கொண்டு போனதுதான், ஆனால் முதல் வாரம் தொண்டையில் இறங்கவில்லை. அதுவும் அரை மணி நேர மாற்றத்துக்கே. உனக்கு ஏழு மணி நேரம்.

நாங்கள் எல்லாரும் ஒரு மாதத்தில் மாறிவிட்டோம். உன் பாட்டி மாறவில்லை. "பழைய மணி என்ன?" என்றுதான் கேட்பார். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு தனியாகச் சோறு போட்டுக்கொள்வார். தனியாக உட்கார்ந்தால் சாப்பாடு இரண்டு வாய் குறைந்துதான் போகும். என் கண்ணால் பார்த்தேன், அந்த வருஷம் ஆள் பாதியாகிவிட்டார். நீயும் அப்படி ஆகக்கூடாது. அவர்கள் மணிக்கு முழுசாக மாறிவிடு. பாதி இங்கே, பாதி அங்கே வேண்டாம்.

பதினொரு மணிக்கு அவர்கள் எழுந்து போய் ஏதோ சாப்பிடுகிறார்கள் என்றாயே, கூடப் போ. தோட்டத்தில் நாங்கள் மரத்தடியில் பசியாறியதும் அதே கணக்குதான். தக்காளியை அரைத்துத் தடவி எண்ணெய் ஊற்றிய ரொட்டி போதும். அப்புறம் பன்னிரண்டு மணிப் பிஸ்கட்டை விட்டுவிடு. இரண்டரைக்கு அந்த 'மெனு தெல் தியா'வை வயிறார உட்கார்ந்து சாப்பிடு. இரண்டு வகை, ரொட்டி, குடிக்க ஒன்று, கடைசியில் இனிப்போ பழமோ, எல்லாம் ஒரே விலைக்கு என்றால் நல்லதுதானே? ஆறு மணிக்கு ஒரு பழம். ராத்திரி ஒன்பதுக்குக் கொஞ்சமாக.

தைப்பூசம் வரை சைவம் என்று நேர்ந்துகொண்டிருக்கிறாய். இறைச்சி வேண்டாம் என்று சொல்லியும் மேலே ஹமோன் துண்டுகளைத் தூவிக் கொடுத்தார்கள் என்று போன வாரம் அழுதாய். அவர்கள் ஏமாற்றவில்லை பாப்பா. பன்றித் தொடையை உப்பில் உலர்த்திய அது அவர்கள் பேச்சில் இறைச்சிக் கணக்கில் வருவதில்லை போலிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேள்: ஹமோன் வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம். பருப்பு என்றாலும் கேட்டுவிடு, அதில் சொரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சியைப் போட்டு வேகவைப்பார்களாம். கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்து வைப்பது ஒன்று உண்டு என்று அண்ணன் சொன்னான், அதைத் தேடிப் பார். விரதம் முடிந்த பிறகும் 'தெர்னெரா' என்று எழுதியிருந்தால் தொடாதே, அது மாட்டிறைச்சி. தெரியாமல் வாயில் பட்டுவிட்டது என்று இனி அழாதே. முருகன் உன் மனசைப் பார்ப்பான்.

திங்கட்கிழமை ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். மிளகாய்த்தூள், சீரகம், பெருங்காயம், எலுமிச்சை ஊறுகாய். பால், இறைச்சி சேர்ந்த எதையும் தபாலில் விடமாட்டார்களாம், அதனால் நெய் வைக்கவில்லை. ஊறுகாயை அறையில் ஒளித்து வைக்காமல் வேலை இடத்துக்கு எடுத்துப் போ, அவர்களுக்கும் ஒரு துளி கொடு.

நீ இரண்டரைக்கு உட்காரும்போது இங்கே இரவு ஒன்பதரை. அம்மா விழித்துத்தான் இருப்பேன். தட்டைப் படம் பிடித்து அனுப்பு. பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றும் எழுது.

அன்புடன்,
அம்மா