இடிக்கும் முன் பதிவேடுகளைக் காக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுநகர அரசுப் பள்ளிகளின் பழைய ஓட்டுக் கட்டடங்களை இடிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். மாணவர் பாதுகாப்புக்காக இடிப்பதில் மறுப்பில்லை. ஆனால், ஜில்லா போர்டு (அன்றைய மாவட்ட உள்ளாட்சி மன்றம்) உயர்நிலைப் பள்ளிகளாகத் தொடங்கி, 1978-இல் பிளஸ் டூ முறை வந்தபின் மேல்நிலைப் பள்ளிகளாக வளர்ந்த பல பள்ளிகளின் வரலாறு நூலாக எழுதப்படவில்லை. சேர்க்கைப் பதிவேடுகளிலும், தலைமையாசிரியர் அறையில் தொங்கும் ஆண்டுவிழாப் புகைப்படங்களிலும்தான் அது தங்கியிருக்கிறது.

பதினொன்றாம் வகுப்பே பள்ளியிறுதியாக இருந்த காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த நான், மாற்றுச் சான்றிதழின் நகல் கேட்டு, முன்பு படித்த பள்ளிக்குச் சென்றபோது, எங்கள் ஆண்டுப் பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டதாகச் சொன்னார்கள். எனவே, இடிப்புப் பணி தொடங்குமுன் எஞ்சிய பதிவேடுகளை ஸ்கேன் செய்து மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு படி வைக்கவும், பழைய அடிக்கல்லைப் புதிய கட்டடச் சுவரில் பதிக்கவும் பள்ளிக் கல்வித் துறை ஆணையிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர்