ஆண்டறிக்கை 2024–25: மொட்டை மாடியிலிருந்து குளக்கரைக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

தொலைநோக்கி வழியே நாம் எடுக்கும் சூரியப் படங்கள் கலங்கலாக இருப்பதற்குச் சென்ற அறிக்கையில் கேமராவைக் குறை சொல்லியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். குற்றவாளி, நாகர்கோவிலில் நாம் கூடும் கட்டடத்தின் மொட்டை மாடிதான். காலை எட்டு மணிக்கே கான்கிரீட் சூடேறிக் காற்று கானலாய் நெளியும். சூரியனின் விளிம்பு கொதிக்கும் கஞ்சிபோல் தளும்பும்.

உதய்பூர் சூரிய ஆய்வகம் பதே சாகர் ஏரித் தீவில் இருக்கிறது. தண்ணீர் தரையைப்போல் சட்டென்று சூடேறாது. அதன்மேல் காற்று அடங்கி நிற்கும். குளத்துக்குப் பஞ்சமில்லாத நாஞ்சில் நாட்டில் பிறந்தும் இது நமக்கு உறைக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

சித்திரையில் தேரூர் குளக்கரைக்கு மாறினோம். முதல் நாளே கரும்புள்ளியைச் சுற்றிய இழைகள் தனித்தனியாகப் பிரிந்தன. சூரியனின் மேற்பரப்பு அரிசிக் குருணை பரப்பியதுபோல் தெரிந்தது. ஒரு குருணை சுமார் 1,000 கிலோமீட்டர் அகலம். சில நிமிடங்களில் கலைந்துவிடும். அதனால் நடுங்காத படங்களை மட்டும் பொறுக்கி அடுக்குவதற்காக எடுக்கும் வீடியோவை ஒரு நிமிடத்துக்குமேல் நீட்டுவதில்லை.

மே மாதம் வந்த ஏஆர் 3664 (ஏஆர் என்றால் சூரியனில் கொந்தளிக்கும் பகுதி) என்ற கரும்புள்ளிக் கூட்டத்துக்குத் தொலைநோக்கியே தேவைப்படவில்லை, கிரகணக் கண்ணாடி போதுமாயிருந்தது. பூமியின் விட்டத்தைப்போல் சுமார் 15 மடங்கு நீளம்! அது கிளப்பிய காந்தப்புயலில் லடாக்கின் ஹான்லே வானம் சிவந்தது. சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் விளிம்பில் மறைந்த அந்தக் கூட்டம், மாதக் கடைசியில் மறுபக்கமிருந்து திரும்பி வந்தது. புது எண், 3697.

முப்பந்தலுக்கும் ஒருமுறை போனோம். காற்றாலைக்காரர்கள் தேடிவந்த இடத்தில் தொலைநோக்கியை நிறுத்தப் பார்த்தது நம் தவறு. ஆனியிலும் ஐப்பசியிலும் மழை, படம் இல்லை.

குறி பார்க்கப் பிரதானக் குழாயின் பக்கத்தில் பொருத்திய தேடுதொலைநோக்கியின் மூடியைப் போட மறந்ததில் ஒருவரின் தோள் துண்டு பொசுங்கியது. அந்த ஒருவர் நான்தான். பிரதானக் குழாயில் லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் வடிகட்டித் தாளைக் கட்டிவிட்டு, பக்கத்துச் சிறு குழாயைத் திறந்து வைப்பவனுக்கு இது வேண்டியதுதான். கண் தப்பியது. இனி அந்தச் சிறு குழாயைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும்.

சூரிய விளிம்பில் எழும் தீச்சுவாலைகளைப் பிடிக்க ஹைட்ரஜனின் 656.28 நானோமீட்டர் சிவப்பு ஒளியை மட்டும் விடும் ஹைட்ரஜன் ஆல்பா வடிகட்டி வேண்டும். விலையைக் கேட்ட பொருளாளர் பார்த்த பார்வையில் தீர்மானம் அங்கேயே படுத்துவிட்டது.

பறவை பார்க்க வருவோர் நம் முக்காலிகள் வழியை மறிப்பதாக முறையிட்டார்கள். கரையின் மறுமுனைக்கு நகர்ந்துவிட்டோம். சூரியனைக் குறுக்கே கடந்த நீர்க்காகத்தின் படத்தைப் பிரதி எடுத்து அவர்களுக்கே கொடுத்திருக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்