எல் கார்செஸ் தாழ்வாரத்துக்கு 12 பெஞ்சுகள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், கொலராடோ ஆற்றங்கரையில், மொஹாவி பாலைவனத்தில் இருக்கிறது எங்கள் ஊர் நீடில்ஸ். 1883-இல் ரயில் வந்தது, கூடவே ஊரும் வந்தது. சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே ஓடும் சவுத்வெஸ்ட் சீஃப் ரயில் இன்றும் இங்கே நிற்கிறது. போகிற வண்டி, வருகிற வண்டி இரண்டுமே நள்ளிரவு தாண்டித்தான். கோடையில் பகல் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். ராத்திரி 12 மணிக்கும் பிளாட்பாரத்துச் சூடு அடங்காது. அந்த நேரத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளையும், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் அம்மாக்களையும் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் குழுவைத் தொடங்கினோம்.

அவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பது எல் கார்செஸ். பழைய மர ஸ்டேஷன் 1906-இல் எரிந்துபோக, சாண்டா ஃபே ரயில்வே 1908-இல் கட்டிய ஸ்டேஷனும் ஓட்டலும் சேர்ந்த கட்டடம். 1776-இல் இந்தப் பக்கம் நடந்து திரிந்த பிரான்சிஸ்கோ கார்செஸ் என்ற ஸ்பானியப் பாதிரியாரின் பெயர் அதற்கு. வரிசையாகத் தூண்கள், நீளமான தாழ்வாரம். கோயில் பிரகாரம் போல நிழல் விழும்.

ஓட்டலை நடத்தியது ஃபிரெட் ஹார்வி நிறுவனம். எத்தனை பேர் சாப்பிட வருகிறார்கள் என்று ரயிலிலிருந்தே தந்தி வந்துவிடும். வண்டி நின்றதும் இலை போட்ட பந்திபோல எல்லாம் தயாராக இருக்கும். கறுப்பு உடையும் வெள்ளை ஏப்ரனும் போட்ட ஹார்வி பெண்கள்தான் பரிமாறினார்கள். ஒருத்தி என்ன குடிப்பீர்கள் என்று கேட்டுவிட்டுக் கோப்பையை அதற்கேற்ப வைப்பாள்: நிமிர்ந்திருந்தால் காபி, கவிழ்ந்திருந்தால் டீ. பின்னால் வருகிறவள் வாய் திறந்து கேட்காமலே ஊற்றிவிட்டுப் போவாள். சென்ற மாதம் ஓர் அம்மா, தன் பாட்டி வேலை பார்த்த நாளில் கிடைத்த தட்டு ஒன்றைப் பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். விளிம்பில் நகக்கண் அளவு உடைந்திருக்கிறது. அதை அப்படியே வைக்கப்போகிறோம்.

1949-இல் ஓட்டல் மூடியது. 1988 வரை ரயில்வே அலுவலகம் இயங்கியது, அதன்பின் பூட்டுத்தான். இடிக்கவிடாமல் காப்பாற்றியவர்கள் ஊர் மக்கள். 1999-இல் நகர நிர்வாகம் வாங்கியது, 2014-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். பெரிய வேலை முடிந்தது. ஆனால் ஆள் வந்து உட்காராத திண்ணை என்ன திண்ணை?

தாழ்வாரத்தில் 12 மர பெஞ்சுகள், குடிதண்ணீர்க் குழாய், இரவு முழுக்க எரியும் விளக்குகள், அந்தத் தட்டுக்கும் பழைய புகைப்படங்களுக்கும் ஒரு கண்ணாடி அலமாரி. இவ்வளவுதான் கேட்கிறோம். 5 டாலர் என்றாலும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம். ஒரு பெஞ்சின் முழுச் செலவையும் ஏற்பவர், தாம் விரும்பும் பெரியவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறிக்கச் சொல்லலாம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. மாதாமாதம் வரவு செலவுக் கணக்கை எழுதி ஒட்டுவோம்.

வீட்டுப் பரணில் ஹார்வி காலத்துப் படமோ, பாத்திரமோ, ஏப்ரனோ கிடந்தால் இரவலாகவாவது தாருங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
தாழ்வாரச் சீரமைப்புக் குழுவினர்,
நீடில்ஸ்